கடற்படைத் தொப்பி: அணிந்தவர் யார்? அணிய முடியாமல் போனவர் யார்?



ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதம் வந்தால் கொடி வரும், பாட்டு வரும், அணிவகுப்பு வரும். கூடவே ஒரு கேள்வியும் வரும். "ஜப்பான்காரன் வந்தபோது உங்கள் ஆட்கள் எங்கே இருந்தார்கள்? நாட்டைக் காக்கத் தொப்பி மாட்டியவர் யாராவது உங்கள் குடும்பத்தில் உண்டா?" நேராகக் கேட்பவர்களும் உண்டு, சிரித்துக்கொண்டே கேட்பவர்களும் உண்டு. கேட்பவர் வாயில் 'வந்தேறி' என்ற சொல் வராவிட்டாலும், அந்தச் சொல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். நம் பிள்ளைகள் பதில் தெரியாமல் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பெற்றவர்களும், "நாம் தோட்டத்துக்காரர்கள், நமக்கு ஏது அதெல்லாம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

தலை குனியத் தேவையில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்காகக் கதை கட்டப் போவதில்லை. போர்க்காலத் தொண்டூழிய மாலுமிகளின் வரலாற்றையும், அவர்கள் தலையில் இருந்த தொப்பிச் சின்னத்தையும் எடுத்து நேர்மையாகப் பார்ப்போம். பார்த்தால் ஒன்று விளங்கும். யாருக்கு வீரம் இருந்தது, யாருக்கு நாட்டுப்பற்று இருந்தது என்பதை அந்தச் சின்னம் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் யாரை உள்ளே விட்டான், யாரை வெளியே நிறுத்தினான் என்பதைத்தான் அது சொல்கிறது.

சின்னம் பேசும் மொழி

முதலில் சின்னத்தையே பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியின் தொப்பியில் ஒரு வெள்ளி நங்கூரம் இருக்கும். அதைச் சுற்றிக் கயிறு. இரண்டு பக்கமும் பொன்னிற இலைமாலை. மேலே கிரீடம். நிரந்தரப் படை அதிகாரியும் சேமப்படை அதிகாரியும் இதே சின்னத்தைத்தான் அணிந்தார்கள். வேறுபாடு சட்டைக் கையில் இருந்தது.

நிரந்தரப் படை அதிகாரியின் கையில் தங்க நாடா நேர்கோடாக இருக்கும். வணிகக் கப்பல்களில் வேலை செய்து, போர் வந்ததும் சேமப்படை வழியாக அழைக்கப்பட்டவருக்கு அந்த நாடா பின்னலிட்டதுபோல் இருக்கும். வழக்கறிஞர், வங்கி ஊழியர், தோட்டத்துத் துரை என்று கரையில் வேறு தொழில் செய்துகொண்டே மாலையிலும் வார இறுதியிலும் பயிற்சி பெற்ற தொண்டூழியருக்கு நாடா அலை அலையாக வளைந்திருக்கும். அதனால்தான் ஆங்கிலேயரே அவர்களை 'அலைக் கடற்படை' என்று கேலியாக அழைத்தார்கள். போரில் அந்த அலைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட பிறகு அந்தக் கேலி மரியாதையாக மாறிப்போனது. 1951-ல் வளைந்த நாடாவை எடுத்துவிட்டு, சேமப்படைக்கும் நேர்கோட்டு நாடாவையே கொடுத்தார்கள்.

சாதாரண மாலுமிக்கு இலைமாலை எதுவும் கிடையாது. வட்டத் தொப்பியைச் சுற்றி ஒரு கறுப்பு நாடா, அதில் பொன்னிற எழுத்து. அமைதிக் காலத்தில் அந்த எழுத்து கப்பலின் பெயரைச் சொல்லும். போர் தொடங்கியதும் எதிரி உளவாளிக்குத் தெரியக்கூடாது என்று கப்பலின் பெயரை எடுத்துவிட்டு, 'மன்னரின் கப்பல்' என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துகளை மட்டும் விட்டார்கள்.

ஒரு சின்னத்தைக் கையில் வைத்துப் பார்த்தாலே அணிந்தவர் அதிகாரியா, மாலுமியா என்பது தெரிந்துவிடும். கிரீடத்தைப் பார்த்தால் காலமும் தெரியும். கிரீடத்தின் மேல் வளைவு உருண்டு உயர்ந்திருந்தால் மன்னர்கள் காலம். நடுவில் பள்ளமாகத் தாழ்ந்திருந்தால் எலிசபெத் அரசியார் காலம். ஆனால் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தச் சின்னமும் சொல்வதில்லை. அதை வரலாற்றில்தான் தேட வேண்டும்.

வாசலிலேயே இனம் பார்த்தார்கள்

1934-ல் நீரிணைக் குடியேற்றங்களுக்கான அரச கடற்படைத் தொண்டூழியச் சேமப்படை சிங்கப்பூரில் சட்டம் போட்டுத் தொடங்கப்பட்டது. 'லாபர்னம்' என்ற பழைய போர்க்கப்பலைத் துறைமுகத்தில் கட்டிவைத்து, அதையே பயிற்சிக்கூடமாக வைத்துக்கொண்டார்கள். பிறகு பினாங்கிலும் ஒரு பிரிவு வந்தது. அதிகாரிகள் பெரும்பாலும் ஐரோப்பியர். மாலுமிகள் பெரும்பாலும் மலாய்க்காரர்.

1939-ல் போர் மேகம் சூழ்ந்தபோது பிரிட்டிஷ் அரச கடற்படை ஒரு மலாய்ப் பிரிவைத் தொடங்கியது. சிங்கப்பூரில் இருந்த அதன் பயிற்சித் தளத்துக்கு 'பெலாண்டோக்' என்று பெயர். 1941 கடைசியில் அந்தப் பிரிவில் ஏறத்தாழ 1,450 பேர் இருந்தார்கள். பெயரிலேயே விதி இருக்கிறது பாருங்கள். மலாய்ப் பிரிவு. பால்மரம் வெட்டிய முனியாண்டியின் மகன் எவ்வளவு நன்றாக நீந்தினாலும், எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் அந்த வாசலுக்குள் போக முடியாது. 1933-ல் தொடங்கிய மலாய்ப் பட்டாளத்திலும் இதே கதைதான்.

இது மலாய்க்காரர் போட்ட விதி அல்ல. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வேலை என்று பிரித்து வைத்தது வெள்ளைக்காரன். அவன் கணக்கில் தமிழன் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் சாலைக்கும் துறைமுகத்துக்கும் உரியவன். கங்காணி கூட்டி வந்தான், கிராணி கணக்கெழுதினான், துரை கையெழுத்திட்டான். துப்பாக்கியும் தொப்பியும் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, எண்பது வருடம் கழித்து "நீ ஏன் உள்ளே இல்லை?" என்று கேட்பது என்ன நியாயம்?

1942 பிப்ரவரியில் கடலில் நடந்தது

தொப்பி அணிந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களின் தியாகத்தைக் குறைத்துப் பேசினால் நம் வாதத்துக்கு மதிப்பு இல்லை.

1941 டிசம்பர் 10 அன்று குவாந்தான் கடலில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 800-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வெல்ல முடியாதவை என்று விளம்பரம் செய்யப்பட்ட கப்பல்கள் சிங்கப்பூர் வந்து சேர்ந்து எட்டே நாள்தான் ஆகியிருந்தது. அதன் பிறகு மலாயாக் கடலில் எஞ்சி நின்றவை சின்னச் சின்னக் கப்பல்கள். ஆற்றில் ஓடிய நீராவிக் கப்பல், சரக்கு ஏற்றிய கப்பல், சுங்கப் படகு. இவற்றின் மேல் ஒரு பீரங்கியை மாட்டி, சாம்பல் சாயம் பூசி, போர்க்கப்பல் என்று பெயர் வைத்தார்கள். இவற்றை ஓட்டியவர்களில் பெரும்பகுதி சேமப்படைக்காரர்களும் தொண்டூழியர்களும்தான்.

சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அதற்கு முந்தைய நாள், பிப்ரவரி 14, பங்கா நீரிணைக்கு அருகில் 'லீ வோ' என்ற கப்பல் ஜப்பானியக் கப்பல் கூட்டம் ஒன்றை எதிர்கொண்டது. சீனாவின் யாங்சி ஆற்றில் ஓடிய நீராவிக் கப்பல் அது. பெரிய ஆயுதம் என்று சொல்ல ஒரே ஒரு 4 அங்குல பீரங்கி. ஓட வழியில்லை. சேமப்படை அதிகாரி தாமஸ் வில்கின்சன் சண்டையைத் தேர்ந்தெடுத்தார். குண்டு தீரும் நிலையில் தன் கப்பலையே எதிரியின் துருப்புக் கப்பல் மேல் மோதவிட்டார். கப்பலில் இருந்த 80-க்கும் மேற்பட்டவர்களில் பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. வில்கின்சனுக்கு இறந்த பிறகு, 1946-ல், விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. அவர் கையில் இருந்தது நேர்கோட்டு நாடா அல்ல, பின்னல் நாடா.

அதே நாள்களில், அதே கடலில், அகதிகளையும் காயம்பட்டவர்களையும் தாதிகளையும் ஏற்றிச் சென்ற கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. தொண்டூழியர்களின் பயிற்சிக் கப்பல் 'லாபர்னம்' சிங்கப்பூரோடு போனது. அவர்களின் 'பங்ளிமா' என்ற சிறு கப்பலும் அந்த நாள்களில் தொலைந்தது. நீந்திக் கரையேறியவர்களில் பலர் சுமத்ராவின் சிறைமுகாம்களில் செத்தார்கள்.

இதே பிப்ரவரி 14 அன்றுதான் பாசிர் பாஞ்சாங் குன்றில் மலாய்ப் பட்டாளத்தின் லெப்டினன்ட் அட்னான் சாயிடி கடைசிவரை போராடி மாண்டார். நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் அவரைப் படிக்கிறார்கள். படிக்கட்டும். அவர் நமக்கும் வீரர்தான்.

கப்பல்களின் வரலாற்றில் இந்திய மாலுமிகளும் இருக்கிறார்கள். 1942 தொடக்கத்தில் சிங்கப்பூர் நோக்கி வந்த துருப்புக் கப்பல்களுக்குக் காவலாக வந்தவற்றில் அரச இந்தியக் கடற்படையின் 'சட்லெஜ்', 'ஜம்னா' என்ற போர்க்கப்பல்களும் உண்டு. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று 'பெங்கால்' என்ற சிறு கண்ணிவாரிக் கப்பல் இந்தியப் பெருங்கடலில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியக் கப்பல்களோடு மோதியது. அதனுடன் வந்த டச்சு எண்ணெய்க் கப்பலும் சேர்ந்து சுட்டதில் எதிரிக் கப்பல்களில் ஒன்று மூழ்கியது. 'இந்தியர்களுக்குக் கடலும் தெரியாது, போரும் தெரியாது' என்று பேசுபவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

தொப்பி இல்லாமல் உழைத்தவர்கள்

கடற்படை என்றால் கப்பல் மட்டும்தானா? கப்பலைப் பழுது பார்ப்பது யார்? நிலக்கரியும் எண்ணெயும் ஏற்றுவது யார்? கப்பல் வந்து நிற்கும் துறையை வெட்டியது யார்?

செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் மாபெரும் உலர்துறை 1938 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து அதே தேதியில்தான் 'லீ வோ' மூழ்கியது. சதுப்பு நிலத்தை நிரப்பி, காட்டை அழித்து அந்தத் தளத்தை எழுப்பிய உழைப்பில் தமிழரும் மலையாளிகளும் இருந்தார்கள். போருக்குப் பிறகும் அந்தத் தளத்தில் வேலை செய்தவர்களில் இந்தியர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். அங்கே எழுந்த புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் கடற்படைத் தளத் தொழிலாளர்களின் பக்தியில் வளர்ந்த ஆலயம். இன்றும் பங்குனி உத்திரத்துக்குக் காவடி தூக்கும் குடும்பங்களில் எத்தனையோ பேரின் தாத்தாக்கள் அந்தத் தளத்தில் வேலை செய்தவர்கள். அவர்கள் தலையில் நங்கூரச் சின்னம் இல்லை. தோளில் இரும்பு இருந்தது.

குண்டு விழுந்தபோது என்ன நடந்தது? பினாங்கில் 1941 டிசம்பர் நடுவில் ஐரோப்பியர்களை இரவோடு இரவாக ரகசியமாகக் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஆசியர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். தமிழன், சீனன், மலாய்க்காரன் எல்லாரையும்தான் விட்டார்கள். தோலின் நிறம்தான் படகுச் சீட்டு.

ஜப்பானிய ஆட்சியில் அந்தத் தோட்டத்து ஆட்களைத்தான் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1942-லிருந்து 1943 வரை. அங்கே செத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். அவர்களுக்கு எண் இருந்தது, பதவி இருந்தது, பட்டாளத்தின் பெயர் இருந்தது. அதனால் தேடி எடுத்துக் கல்லறை கட்டினார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக, பெயரோடு, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. பொதுவான மதிப்பீடு 90,000 அளவில் நிற்கிறது. அவர்களில் மலாயாத் தமிழர் பல்லாயிரம் பேர். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் எங்கே?

தொப்பிச் சின்னத்தின் உண்மையான சக்தி இங்கேதான் தெரிகிறது. அது வெறும் அலங்காரம் இல்லை. சின்னம் இருந்தால் பதிவேடு இருக்கும். பதிவேடு இருந்தால் பெயர் இருக்கும். பெயர் இருந்தால் கல்லறை இருக்கும், விதவைக்கு உதவித்தொகை இருக்கும், பேரப்பிள்ளைக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும். சின்னம் இல்லாதவன் செத்தால் அது ஒரு எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையும் மதிப்பீடுதான்.

இது நம் ஆத்திரத்தில் சொல்வது அல்ல. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒத்துக்கொண்டது. முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. மேலும் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயரில்லாமலோ நினைவே இல்லாமலோ விடப்பட்டார்கள். சீருடை போட்டவனுக்கும் போர்வேலைக்கென்று பட்டாளம் கூட்டிப்போனவனுக்குமே இந்தக் கதி என்றால், இருபது வருடம் கழித்து வந்த அடுத்த போரில் தோட்டத்துக் கூலிக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும்?

தொப்பி போட்டவனுக்கும் துரோகம்

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தொப்பி போட்டவனையாவது வெள்ளைக்காரன் மரியாதையாக நடத்தினானா?

1,450 பேரோடு இருந்த மலாய்க் கடற்படைப் பிரிவினர் போரில் சிதறிப்போனார்கள். சிலர் இலங்கை வரைக்கும் போய்ப் பணியாற்றினார்கள். இங்கே சிக்கியவர்களை ஜப்பானியர் தேடிப் பிடித்து வதைத்தார்கள். போர் முடிந்து திரும்பி வந்து பெயர் கொடுத்தவர்கள் ஒரு பகுதியினரே. அவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 1947 ஏப்ரலில் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி அந்தப் படையையே கலைத்துவிட்டார்கள். நேற்றுவரை மன்னருக்காகச் சாகத் தயாராக இருந்தவர்கள் மறுநாள் வேலையில்லாதவர்கள்.

அந்தப் பக்கம் இந்தியாவில் அரச இந்தியக் கடற்படை போர்க்காலத்தில் ஏறத்தாழ 30,000 பேர் கொண்ட படையாக வளர்ந்திருந்தது. அந்த மாலுமிகளுக்குக் கெட்ட சாப்பாடு, குறைந்த சம்பளம், கூடவே வசவு. பம்பாயில் 'தல்வார்' என்ற பயிற்சித் தளத்தின் ஆங்கிலேயத் தளபதி தங்களைக் 'கூலிப் பயல்கள்' என்று ஏசியதாக மாலுமிகள் முறையிட்டார்கள். கேட்க நாதியில்லை. 1946 பிப்ரவரி 18 அன்று அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஓரிரு நாளில் 70-க்கும் மேற்பட்ட கப்பல்களுக்கும் பல கரைத்தளங்களுக்கும் அது பரவியது. ஏறத்தாழ 20,000 மாலுமிகள் கிளர்ந்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, இந்திய தேசிய இராணுவத்தினரை விடுதலை செய்ய வேண்டும் என்பது. அந்த இராணுவத்தில் சேர்ந்தவர்களில் நம் மலாயாத் தோட்டத்துப் பிள்ளைகளும் பெருந்திரளாக இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். கிளர்ச்சி முடிந்ததும் 400-க்கும் மேற்பட்ட மாலுமிகள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

'கூலி' என்ற சொல் நமக்குப் புதிதா? தோட்டத்து லயத்தில் கேட்ட அதே சொல்தான் மன்னரின் சின்னத்தைத் தலையில் வைத்தவனுக்கும் கிடைத்தது. தொப்பி மாட்டினாலும் ஆசியன் ஆசியன்தான் என்று வெள்ளைக்காரன் நினைத்தான். ஆகவே, தொப்பி கிடைத்த மலாய் மாலுமியும் கிடைக்காத தமிழ்த் தொழிலாளியும் ஒருவருக்கு எதிராக ஒருவர் நிற்க வேண்டியவர்கள் இல்லை. இருவரையும் ஏமாற்றியது ஒரே கைதான். இன்றைக்கு அந்த மாலுமியின் பேரனும் இந்தத் தொழிலாளியின் பேரனும் 'யார் தாத்தா பெரியவர்' என்று சண்டை போட்டால் யாருக்கு லாபம்?

கதவு திறந்தபோது

சரி, கதவு திறந்தபோது தமிழன் வந்தானா? வந்தான். வந்து எங்கே நின்றான் என்பதைக் கேளுங்கள்.

கலைக்கப்பட்ட கடற்படை 1948 டிசம்பரில் மலாயாக் கடற்படையாக மீண்டும் எழுந்தது. 1952-ல் அதற்கு 'அரச' என்ற பட்டம் கிடைத்தது. 1955-ல் தணபாலசிங்கம் என்ற தமிழ் இளைஞர் பயிற்சி அதிகாரியாக அதில் சேர்ந்தார். இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி பெற்றார். 1967 டிசம்பர் 1 அன்று, 31-ஆவது வயதில், மலேசிய அரச கடற்படையின் தலைமைத் தளபதியானார். அதுவரை அந்த நாற்காலியில் பிரிட்டிஷ் அதிகாரிகளும் ஆஸ்திரேலிய அதிகாரிகளும்தான் உட்கார்ந்திருந்தார்கள். முதன்முதலாக அதில் உட்கார்ந்த மலேசியர் ஒரு தமிழர். 1976 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் தொண்டூழியப் படைக்காரர் அல்ல, நிரந்தரப் படை அதிகாரி. கதவு திறந்து இருபது வருடம்கூட ஆகவில்லை, தலைமைப் பொறுப்புவரை தமிழன் போய்விட்டான். இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? பெற்றோரில் எத்தனை பேர் அறிவோம்?

சிங்கப்பூரிலும் பாருங்கள். பிரிந்து தனிநாடானபோது அதன் கையில் இருந்தவை 'பங்ளிமா', 'பெடோக்' என்ற இரண்டு மரக்கப்பல்கள். 1942-ல் தொலைந்த தொண்டூழியர் கப்பலின் பெயரைத்தான் அந்தப் 'பங்ளிமா' சுமந்திருந்தது. கடற்படைத் தொண்டூழியர்கள்தான் புதிய நாட்டின் கடற்படைக்கு விதையானார்கள். 1967 மே 5 அன்று அவர்கள் ஏற்றிய கொடியின் நாளைத்தான் சிங்கப்பூர்க் கடற்படை தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. 1934-ல் வெள்ளைக்காரன் தன் பாதுகாப்புக்கு ஊன்றிய கன்று கடைசியில் இந்த மண்ணின் மரமாகிவிட்டது.

சிலர் கேட்கலாம்

"அது அடிமைப் படை. அந்நியன் சின்னத்தைப் பற்றி நமக்கென்ன பெருமை?" என்று நம்மிலேயே சிலர் கேட்கலாம். சரியான கேள்விதான். கிரீடத்துக்குப் பெருமை சேர்க்க நாம் எழுதவில்லை. கிரீடத்துக்குக் கீழே நின்ற மனிதன் நம்மைப் போன்ற உழைப்பாளி வீட்டுப் பிள்ளை. சம்பளத்துக்காகச் சேர்ந்தவனும் உண்டு, ஊரைக் காக்கச் சேர்ந்தவனும் உண்டு. மூழ்கும் கப்பலில் இரண்டு பேருக்கும் ஒரே தண்ணீர்தான். அவனை மறப்பதால் ஏகாதிபத்தியம் தோற்கப் போவதில்லை.

"அது மலாய்க்காரர் வரலாறு, நமக்கு ஏன்?" என்று வேறு சிலர் கேட்கலாம். இந்த எண்ணம்தான் ஆபத்து. நம் வரலாற்றை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அவர்கள் வரலாற்றை நாம் முதலில் மதிக்க வேண்டும். அட்னானைத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைதான் "மரண ரயில் பாதையில் செத்த என் பாட்டனைத் தெரியுமா உனக்கு?" என்று திருப்பிக் கேட்க உரிமை உள்ளவன்.

நாம் கேட்பதும் செய்ய வேண்டியதும்

நாம் சலுகை கேட்கவில்லை. இவற்றைத்தான் கேட்கிறோம்:

ஒன்று: பள்ளி வரலாற்றுப் பாடத்தில் ஆயுதம் ஏந்தியவர்களோடு, துறைமுகத்திலும் தளத்திலும் தோட்டத்திலும் ரயில் பாதையிலும் போரைச் சுமந்தவர்களையும் சேர்க்க வேண்டும். 1939-ல் யாருக்குக் கதவு திறந்தது, யாருக்கு மூடியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டு: கடற்படையைப் பற்றிய அரும்பொருளகங்களிலும் கண்காட்சிகளிலும் தொப்பியும் பதக்கமும் மட்டும் வைத்தால் போதாது. தளத் தொழிலாளியின் பெயரும் படமும் அவன் கருவியும் அதே கண்ணாடிப் பெட்டியில் இருக்க வேண்டும்.

மூன்று: 31 ஜூலை வீரர் நாளிலும் பிப்ரவரி நினைவுச் சடங்குகளிலும் பெயரில்லாமல் மாண்ட தொழிலாளர்களுக்கும் ஒரு மலர்வளையம் வைக்கப்பட வேண்டும். அரசு வைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நம் ஆலயங்களும் மன்றங்களும் அதைத் தொடங்கலாம்.

அரசாங்கத்தைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. பழைய தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தளத்துக்குள் போக வைத்திருந்த அனுமதி அட்டை, சம்பளப் புத்தகம், தோட்டத்து ஆள் எண் போட்ட பித்தளைத் தகடு, சீருடைப் பொத்தான், மங்கிப்போன படம் எதுவாக இருந்தாலும் பழைய இரும்புக்காரனுக்குப் போடாதீர்கள். படத்தின் பின்னால் பெயரையும் ஊரையும் எழுதிவையுங்கள். எண்பது, தொண்ணூறு வயதில் தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளை கையில் ஒரு கைப்பேசியைக் கொடுத்து, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெள்ளைக்காரன் நமக்குப் பதிவேடு வைக்கவில்லை. நம் பதிவேட்டை நாம்தான் எழுத வேண்டும்.

கடைசியாக இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசிய அரச கடற்படையின் தொண்டூழியச் சேமப்படை இன்றும் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் சேமப்படை அதிகாரிப் பயிற்சியும் இருக்கிறது. 1939-ல் போல வாசலில் 'ஓர் இனத்துக்கு மட்டும்' என்ற விதி இப்போது இல்லை. "நமக்கு அங்கே இடம் கொடுக்க மாட்டார்கள்" என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். விண்ணப்பம் போடுங்கள். தகுதி இருந்தும் இனம் பார்த்து ஒதுக்கினால் ஆதாரத்தோடு வெளியே கொண்டுவாருங்கள், சேர்ந்து குரல் கொடுப்போம். விண்ணப்பமே போடாமல் புலம்புவதில் பயனில்லை.

இனி யாராவது நம் பிள்ளையிடம், "உன் தாத்தா எந்தத் தொப்பி போட்டார்?" என்று கேட்டால், அவன் இப்படிச் சொல்லட்டும்: "என் தாத்தாவுக்குத் தொப்பி தர மறுத்தார்கள். தொப்பி போட்டவர்களின் கப்பலை நிறுத்தத் துறை கட்டிக் கொடுத்தார். ரயில் பாதையில் கல்லறை இல்லாமல் செத்தார். கதவு திறந்ததும் எங்கள் ஆள் ஒருவர் இந்த நாட்டின் கடற்படைக்கே தலைவரானார். இப்போது சொல், நான் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்?"

அந்தப் பதிலை அவன் வாயில் வைக்க வேண்டிய பொறுப்பு பெற்றவர்களாகிய நமக்கு இருக்கிறது. இன்று இரவே சாப்பாட்டு மேசையில் தொடங்குவோம்.

சிந்திப்போம்! பதிவு செய்வோம்! தலை நிமிர்வோம்!